மேய்ப்புப்பணியில் நிதானமும் நகைச்சுவையும் நவீன ஊடகமும்: வீரமாமுனிவர் மரபும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மேய்ப்புப்பணியில் நகைச்சுவையும் ஊடகமும் இக்காலத்தில் புதிதாக வந்து சேர்ந்தவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தமிழ்க் கிறித்தவ வரலாறு இதனை மறுக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் நகைச்சுவையை உரைநடையில் கையாண்டார். வேதநாயக சாஸ்திரியார் மக்கள் நாடக வடிவங்களை எடுத்தாண்டார். அச்சு ஊடகம் அதற்கும் முன்னரே திருச்சபையின் கருவியாயிற்று. இவற்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையுடன் நோக்கி, நகையும் ஊடகமும் எந்நிலையில் மேய்ப்புப்பணிக்கு உதவுகின்றன, எந்நிலையில் அதற்கு ஊறு செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி, முறைப்பணித் தொழிலாளரும் புலம்பெயர்ந்தோரும் கலந்து வாழும் களமாக அமைவதால், இவ்விளக்கத்திற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேய்ப்புப்பணி, நகை, எள்ளல், வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதை, கும்மிடிப்பூண்டி, சமூக ஊடகம்.

முன்னுரை

மேய்ப்புப்பணி என்பது மறையுரை ஆற்றுவதோடு முடிவதன்று. நோயுற்றோரைக் காணுதல், துயருற்றோருடன் இருத்தல், குடும்பப் பிணக்குகளில் நடுநிற்றல், இளைஞரை வழிநடத்துதல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இப்பணிகள் அனைத்திற்கும் சொல்லே முதற்கருவி. அச்சொல் எவ்வளவு கனமாக இருக்கலாம், எவ்வளவு இலகுவாக இருக்கலாம், எதன் வழியே கேட்போரைச் சென்றடையலாம் என்னும் மூன்று வினாக்கள் அருட்பணியாளர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றன. நிதானம், நகைச்சுவை, ஊடகம் என்னும் மூன்றும் தனித்தனித் தலைப்புகளாகப் பயிற்றுவிக்கப்படுவதுண்டு. எனினும் கேட்போர் யார் என்பதை அறிதல் என்னும் ஒரே அடிப்படையில் இம்மூன்றும் இணைகின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. கேட்போரை அறிதல்: நிதானத்தின் அடிப்படை

ஏறத்தாழ 590 ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் கிரகோரி இயற்றிய மேய்ப்புப்பணி ஒழுங்கு என்னும் நூல் இடைக்கால ஐரோப்பா முழுவதிலும் அருட்பணியாளர்க்குரிய கையேடாக விளங்கியது. அந்நூலின் மூன்றாம் பகுதி, கேட்போரை இணை இணையாகப் பகுத்துக் காட்டுகிறது. வறியோர்க்கும் செல்வர்க்கும், மகிழ்ந்திருப்போர்க்கும் துயருற்றோர்க்கும், அடங்கியோர்க்கும் செருக்குற்றோர்க்கும் ஒரே அறிவுரையைக் கூறலாகாது என்பது அதன் உள்ளீடு. ஒருவரைத் தேற்றும் சொல் மற்றவரைக் கெடுக்கக்கூடும் என்பதே காரணம்.

தமிழ் மரபும் இதே கொள்கையைக் கல்விக்கு உரியதாகக் கூறியுள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் சொல்லும் ஆசிரியன் காலத்தையும் இடத்தையும் கருதி, மாணவன் ஏற்றுக்கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்கிறது. எனவே நிதானம் என்பது சிரிப்புக்கும் கண்டிப்புக்கும் நடுவே அளந்து வைத்த ஒரு புள்ளி அன்று. இன்று, இவ்விடத்தில், இவர்முன் எது தகும் என்னும் தெளிவே நிதானம். திருமண விருந்தில் தகுந்த ஒரு நகை, அதே வாரத்தில் நிகழும் அடக்கச் சடங்கில் புண்ணாக மாறும். சொல் மாறவில்லை, கேட்போர் நிலை மாறியிருக்கிறது.

2. நகையின் களங்களும் வீரமாமுனிவரும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு களங்களில் அது பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் கூறியதை ஆராயாமல் ஏற்று அதனை விடாது பற்றிக்கொள்ளுதல் என உரையாசிரியர் வேறுபடுத்துவர். பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாக்கி, தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் என விளக்குகிறார். நகைப்பவன் எப்பக்கம் நிற்கிறான் என்னும் வினா இப்பகுப்பிலேயே அடங்கியுள்ளது.

இப்பகுப்பை வைத்து நோக்கத்தக்க சிறந்த சான்று வீரமாமுனிவரின் படைப்புகள். இத்தாலியில் 1680 இல் பிறந்த கொன்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாக 1710 இல் இந்தியா வந்து, 1747 இல் மறையும் வரை தமிழ் மண்ணிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பணியாற்றினார். தேம்பாவணி என்னும் காப்பியத்தாலும் சதுரகராதியாலும் அறியப்படும் அவர், பரமார்த்த குருவின் கதையை எளிய பேச்சுத்தமிழ் சார்ந்த உரைநடையில் எழுதி இலத்தீன் மொழிபெயர்ப்பையும் இணைத்தார். தமிழ் கற்கும் மறைப்பணியாளர்க்குப் பயிற்சி நூலாகவும் அது பயன்பட்டது. பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822 இல் இலண்டனில் இதனைப் பதிப்பித்தார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அவர்தம் குருவும் இக்கதையின் மாந்தர். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா எனக் கொள்ளிக்கட்டையால் சோதித்தபின் அவர்கள் கடக்கிறார்கள். கரையேறியவர்கள் தம் தொகையை எண்ணுகையில், எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் எண்ணுவதால் ஒருவர் குறைந்துபோனதாகக் கருதிப் புலம்புகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என நம்பி விலைகொடுத்து வாங்குகிறார்கள். இங்கு நகை பெரிதும் பேதைமையிலும் மடனிலும் பிறக்கிறது. சீடரின் பெயர்களிலேயே இவ்விரு களங்களும் குறிக்கப்பட்டுள்ளன.

இக்கதை இந்து மடங்களின் குருமாரை இழிவுபடுத்த எழுதப்பட்டது என்போரும் உளர். நாட்டார் கதைகளைத் தொகுத்த மொழிப்பாட நூலே அது என்போரும் உளர். இரண்டாவது கருத்துக்கு வலுச்சேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. தன்னை விட்டு எண்ணும் மூடர் கதை, சமய எல்லை கடந்து உலகின் பல மொழிகளில் வழங்கும் நாட்டார் கதைக்கூறு. மேலும், கண்மூடித்தனமான சீடர்களும் அவர்களை நெறிப்படுத்தத் தெரியாத தலைவரும் எல்லாச் சமயங்களிலும் உளர். குருவைப் பற்றிய நகை, தம்மைக் குருவெனக் கருதிக்கொள்ளும் மறைப்பணியாளரையும் தொடாமல் விடாது.

ஆயினும் அதே எழுதுகோல் வேறொரு நகையையும் எழுதியது. தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு வளர்ந்த லுத்தரன் திருச்சபையினரை மறுத்து வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவற்றை எழுதினார். இவற்றுள் இறுதியது எதிர்த்தரப்பாரை எள்ளி நகையாடுவது. இங்கு நகை மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளற் களத்தில், அதிலும் தான் பிறரை எள்ளும் வகையில் அமைகிறது. வாசகர் நினைவில் நின்ற நூல் எது என்பதைக் காலம் தெளிவாக்கியுள்ளது. பரமார்த்த குரு, எழுதியவரின் சமயம் இன்னதென அறியாத தமிழ்ச் சிறுவர்க்கும் உரியவரானார். எள்ளல் நூலோ சமயப்பூசல் வரலாற்றை ஆய்வோர்க்கு மட்டுமே உரிய ஆவணமாகச் சுருங்கியது. எள்ளப்பட்டோர் வழித்தோன்றல்களும் எள்ளியவரின் வழித்தோன்றல்களும் இன்று ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஒரே ஆலையில் பணிபுரிகின்றனர்.

வேதியர்களுக்கென வீரமாமுனிவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் இவ்விரண்டுக்கும் துலாக்கோலாக நிற்கிறது. பிறர்க்குப் போதிப்பவர் முதலில் தம் உள்ளத்தையும் நடத்தையையும் நோக்க வேண்டும் என்பது அந்நூலின் சாரம். எண்ணிக்கையில் தம்மைச் சேர்த்துக்கொள்ள மறந்த சீடரின் கதை நகையாகச் சொல்வதை இந்நூல் அறிவுரையாகச் சொல்கிறது எனக் கொள்ளலாம்.

3. மக்கள் வடிவங்களில் நகை

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியில் சிற்றிலக்கிய நாடக வடிவத்தை நற்செய்திக்கு ஏற்றதாக்கினார். குறி சொல்லும் குறத்தியும் அவள் கணவனாகிய சிங்கனும் மக்களுக்கு ஏற்கெனவே பழகிய, சிரிப்பூட்டும் மாந்தர். அவர்களை உருவகமாக்கியதால், கேட்போர் அறிந்த ஒன்றிலிருந்து அறியாத ஒன்றுக்குச் செல்ல வழி பிறந்தது. அவருடைய ஞான நொண்டி நாடகமும் இத்தகையதே. சாஸ்திரக் கும்மியில் அவர் சகுனம், நாள் பார்த்தல் முதலிய மூடநம்பிக்கைகளைக் கும்மி மெட்டில் நகையாடினார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விழையை வேறொரு திசைக்குக் கொண்டுசென்றவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், பரட்டை அண்ணன் என்னும் பெயரால் அறியப்பட்டார். கருநாடக இசையும் மேலை இசையும் ஆலயத்தில் மதிப்புப் பெற, பறை முதலிய நாட்டார் இசை வெளியே நிறுத்தப்பட்ட நிலையை அவர் எதிர்த்தார். கிராமிய மெட்டும் பேச்சுமொழியும் கேலியும் கலந்த பாடல்களை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இங்கு நகையின் திசை மாறியிருப்பதைக் காணலாம். ஒடுக்கப்பட்டோர் தம்மை ஒடுக்கும் அமைப்பை நோக்கி நகைக்கின்றனர். மேலிருப்போர் கீழிருப்போரை எள்ளுவதும் கீழிருப்போர் மேலிருப்போரை எள்ளுவதும் களத்தால் ஒன்றே எனினும் அறத்தால் ஒன்றல்ல. மேய்ப்புப்பணியில் நகையை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது.

அண்மைக் காலத்தில் உலகத் திருச்சபையும் இப்பொருளைக் கவனித்துள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச்சு 19 என நாளிட்டு வழங்கிய தூய்மை குறித்த திருத்தூது ஊக்கவுரையில், மகிழ்ச்சியும் நகைச்சுவை உணர்வும் தூய வாழ்வின் அடையாளங்களாக இடம்பெற்றுள்ளன. 2024 சூன் 14 அன்று பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்த அவர், இறைவனைப் பற்றியும் நகைக்கலாம் எனவும், எனினும் நம்பிக்கையாளரின், சிறப்பாக ஏழைகளின் சமய உணர்வைப் புண்படுத்தாமல் அதனைச் செய்ய வேண்டும் எனவும் கருத்துரைத்தார்.

4. ஊடகத்தின் தொடர்ச்சி

அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706 இல் வந்திறங்கிய சில ஆண்டுகளில் அச்சகம் நிறுவப்பட்டு, 1715 அளவில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. இவை அக்காலத்தின் நவீன ஊடகங்கள். பின்னர் வானொலி வந்தது. மணிலாவிலிருந்து இயங்கிய ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் தமிழ்ப்பணி சிற்றலை வழியே தமிழ்நாட்டையும் இலங்கையையும் எட்டியது. அந்நிலையத்தின் சிற்றலை ஒலிபரப்பு 2018 இல் நிறைவுற்று இணையத்திற்கு மாறியது. ஒலிநாடா, செயற்கைக்கோள் தொலைக்காட்சி, யூடியூப், வாட்ஸ்அப் என இவ்வரிசை நீள்கிறது. தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு மாதா தொலைக்காட்சி உள்ளது. பிற திருச்சபையினரும் தனி ஊழியங்களும் பல அலைவரிசைகளை நடத்துகின்றனர்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4 இல் சமூகத் தொடர்பு ஊடகங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. 2010 ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கெனத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தேர்ந்த பொருள், மின்னணு உலகில் அருட்பணியாளரும் மேய்ப்புப்பணியும் என்பதாகும். ஊடகத்தை வரவேற்ற இத்திருச்சபையே, இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்பதை 2002 இல் தெளிவுபடுத்தியது. நேரில் இருத்தலுக்கு ஊடகம் துணை நிற்கலாம், ஆனால் அதன் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதே இதன் பொருள்.

ஆயினும் அச்சுக்கும் இன்றைய ஊடகத்துக்கும் இடையே ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. ஆலயத்தில் ஆற்றும் உரையில் பேசுவோர் கேட்போரின் முகத்தைக் காண்கிறார்; ஒரு முகம் சுருங்கினால் சொல்லைத் திருத்திக்கொள்கிறார். பதிவுசெய்த காணொலியில் அத்திருத்தத்திற்கு இடமில்லை. நாற்பது நிமிட உரையிலிருந்து நாற்பது நொடி வெட்டியெடுக்கப்பட்டு, யாரை நோக்கிச் சொல்லப்படவில்லையோ அவரிடமே சென்று சேர்கிறது. கிரகோரியார் வலியுறுத்திய வேறுபடுத்திக் கூறுதல் இங்கு இயலாததாகிறது. ஊடகத்தில் நகைச்சுவை பெரிதும் இடறுவது இதனாலேயே.

5. கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி: ஒரு களநோக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. சென்னையிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டிகள் இங்கு வந்து செல்கின்றன. சிப்காட் தொழில் வளாகத்திலும் அதனைச் சுற்றிலும் இரும்பு, எஃகு, வேதிப்பொருள், பொறியியல் முதலிய ஆலைகள் இயங்குகின்றன. அருகில் பழவேற்காட்டுக் கரையோர மீனவர் ஊர்களும், ஊரகத்தில் வேளாண் குடிகளும் உள்ளனர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. தமிழ், தெலுங்கு ஆகியவற்றோடு ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் புலம்பெயர் தொழிலாளரும் இங்கு வாழ்கின்றனர். இத்தகைய இடத்தில் கேட்போரை அறிதல் எளிய செயலன்று.

முதற் சிக்கல் காலம். நீண்டகாலம் நடைமுறையிலிருந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஞாயிற்றுக்கிழமை பணிசெய்யும் தொழிலாளிக்கு அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாள்களுள் ஒன்றில் மாற்று விடுமுறை அளித்தால் போதும் என வகைசெய்தது. எனவே வார ஓய்வு என்பது ஞாயிறு ஓய்வு ஆகாது. இரவு முறைப்பணி முடித்துக் காலையில் ஆலயத்தில் அமரும் தொழிலாளி உறக்கத்தோடு போராடுகிறார். அவரைச் சோம்பேறி எனக் கேலிசெய்வது எளிது. அவர் ஏன் உறங்குகிறார் என்பதை அறிந்த அருட்பணியாளர் தம் உரையைச் சுருக்குவார். மறையுரை எட்டு நிமிடத்தைக் கடக்கலாகாது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 இல் கூறியதன் பொருள் இத்தகைய இடங்களில் நன்கு விளங்கும். ஆலயத்திற்கு வர இயலாதவர்க்கு ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஒன்று பேருதவி. ஓய்வுநேரத்தில், பேருந்தில், விடுதி அறையில் அதனைக் கேட்கலாம்.

இரண்டாவது சிக்கல் மொழியும் இடமும். சார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களில் கிறித்தவப் பழங்குடியினர் கணிசமாக உள்ளனர். அங்கிருந்து தமிழகத் தொழிற்பகுதிகளுக்கு வரும் தொழிலாளருள் அவர்களும் இருக்கக்கூடும். வடமாநிலத்தாரின் பேச்சையோ உணவையோ வைத்து மறையுரையில் ஒரு நகை எழுந்தால், உள்ளூரார் சிரிப்பர். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் சொற்களை முழுதும் அறியாவிடினும் சிரிப்பு தம்மை நோக்கியது என்பதை அறிவார். தொழிலிடத்தில் அயலாராகவே நடத்தப்படும் ஒருவர், அயலார் அல்லர் எனச் சொல்லப்படவேண்டிய ஓரிடத்தையும் அன்று இழக்கிறார். இழப்பின் அளவு இது. ஒரு நொடிச் சிரிப்புக்கு இது மிகுந்த விலை.

மூன்றாவது சிக்கல் விபத்தும் துயரமும். உலைகளும் கனரக எந்திரங்களும் உள்ள பகுதிகளில் விபத்துச் செய்தி, குடும்பத்தை எட்டுமுன் வாட்ஸ்அப் குழுக்களை எட்டிவிடும் நிலை உண்டு. மன்றாட்டு வேண்டுதலாக அனுப்பப்படும் ஒரு படம், இறந்தவரின் மனைவிக்கு முதல் அறிவிப்பாக அமைந்துவிடலாம். நோய், கடன், குடிப்பழக்கம், மணமுறிவு ஆகியவையும் நல்லெண்ணத்துடனேயே வேண்டுதல் குழுக்களில் பெயருடன் பகிரப்படுகின்றன. சிறிய ஊரில், ஒரே ஆலையில் பணியாற்றுவோர் நடுவே, இத்தகைய பகிர்வு ஒருவரின் வேலையையும் மதிப்பையும் பாதிக்கும். இங்கு அருட்பணியாளர் செய்யத்தக்கது செய்தியைப் பகிர்தல் அன்று. வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் செல்லுதல்.

நான்காவது சிக்கல் பல சமயச் சூழல். தொழிலாளர் குடியிருப்புகளில் இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றனர். பிற சமயத்தை எள்ளும் ஒரு வெட்டுக்காணொலி சட்டச் சிக்கலை உண்டாக்கும். சமய உணர்வைப் புண்படுத்தும் வகையில் திட்டமிட்டுச் செய்யும் இழிவுரையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299 ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சட்டத்தினும் பெரியது அடுத்த வீட்டாரின் உறவு. உரையாற்றியவர் வேறூருக்கு மாற்றலாகிச் செல்லலாம்; அவர்தம் சபையார் அதே தெருவில்தான் வாழவேண்டும்.

6. நடைமுறை அளவைகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு அளவைகளைப் பெறலாம்.

அ) நகைப்பவர் எண்ணிக்கையில் தம்மையும் சேர்த்துக்கொள்ளுதல். அருட்பணியாளர் தம் மறதியையும் தடுமாற்றத்தையும் வைத்து நகைக்கும்போது, பிறர் தம் குறையை வெளியிடத் துணிவு பெறுகின்றனர்.

ஆ) திசையை நோக்குதல். வறியவர், பெண்கள், உடற்குறையுடையோர், அயல்மொழியாளர், பிற சமயத்தார் ஆகியோரை நோக்கிய எள்ளல் மேய்ப்புப்பணிக்கு ஒவ்வாது. அதிகாரத்தை நோக்கிய நகைக்கு மரபில் இடமுண்டு.

இ) ஊடகத்தை வகைப்படுத்துதல். அனைவர்க்கும் பொதுவான அறிவிப்பு, சிறு சிந்தனை, பாடல் ஆகியவை குழுவிற்குரியன. தனிமனிதர் துயரம் தொலைபேசி அழைப்பிற்குரியது. மரணமும் மணமுறிவும் நேரில் செல்வதற்குரியன. பெயர் குறித்த வேண்டுதலை உரியவர் இசைவின்றிப் பகிர்தலாகாது.

ஈ) மடனைத் தவிர்த்தல். வந்த செய்தியை ஆராயாது முன்னனுப்புதல், குதிரை முட்டை என்று சொன்னவுடன் பூசணிக்காயை வாங்கிய செயலுக்கு நிகர். பொய்யான மருத்துவக் குறிப்பும் போலியான துன்புறுத்தல் செய்தியும் அருட்பணியாளரின் எண்ணிலிருந்து செல்லும்போது நம்பகத்தன்மை பெற்றுவிடுகின்றன. எனவே அவருக்குரிய பொறுப்பு ஏனையோரினும் கூடுதலாகும்.

இவற்றோடு அருட்பணியாளரின் சொந்த நிதானமும் கருதத்தக்கது. முறைப்பணிப் பகுதியில் எந்நேரமும் யாரேனும் விழித்திருப்பர். எனவே கைப்பேசியும் எந்நேரமும் ஒலிக்கும். ஓய்வின்றி விடையளிப்பவர் காலப்போக்கில் பொறுமையை இழக்கிறார். முதலில் மறைவது அவருடைய நகைச்சுவை உணர்வே. ஓய்வு நேரத்தை அறிவித்து, நெருக்கடிக்கு மட்டும் வேறொருவரைப் பொறுப்பாக்குவது கடமை தவறுதல் ஆகாது. கடமையைத் தொடர்ந்து செய்வதற்கான வழி.

முடிவுரை

நகைச்சுவையும் ஊடகமும் தமிழ்க் கிறித்தவ மேய்ப்புப்பணிக்கு அயலானவை அல்ல என்பதை வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், தியோபிலஸ் அப்பாவு ஆகியோர் பணி காட்டுகிறது. பேதைமை, மடன் ஆகிய களங்களில் பிறந்து நகைப்பவரையும் உள்ளடக்கும் நகை காலம் கடந்து நிற்கிறது. பிறரை எள்ளும் நகை பூசலோடு முடிகிறது. இன்றைய ஊடகம் கேட்போரின் முகத்தை மறைப்பதால், இவ்வேறுபாட்டை அறிதல் முன்னினும் இன்றியமையாததாகிறது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் கேட்போர் பலர். அவர்தம் மொழியும் நேரமும் சுமையும் வெவ்வேறு. அவர்களுடைய வீட்டுக்குச் சென்று அவர்களை அறிந்தவரே அவர்கள் சிரிக்கத்தக்கது எது, அவர்களுக்கு அனுப்பத்தக்கது எது என்பதை அறிவார். எனவே ஊடகப் பயிற்சிக்கும் மறையுரைப் பயிற்சிக்கும் முன்னதாக, முறைப்பணி நேரங்களையும் குடியிருப்புகளையும் அறியும் களப்பயிற்சி இறையியல் கல்வியில் இடம்பெறுதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.